மலை ஏறாத வண்டி

வழக்கமாக இப்பக்கத்தில் இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, பெற்றோர் சந்திப்பு ஆகியவற்றைப் பற்றித்தான் எழுதி வருகிறேன். இம்முறை ஒரு டீசல் வண்டியைப் பற்றி எழுதப் போகிறேன். ஆசிரியர் நண்பர்கள் வியக்க வேண்டாம். நம் பள்ளிப் பெற்றோரில் எத்தனையோ பேருக்கு வண்டிதான் சோறு போடுகிறது. காய்கறி ஏற்றுபவர், செம்பனைக் குலை ஏற்றுபவர், கோழித் தீவனம் ஏற்றுபவர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு வகுப்பில் நான்கைந்து பிள்ளைகளின் வீட்டு வாசலிலாவது பின்பக்கம் திறந்த அந்த வண்டி நிற்கும். நம் ஊரில் அதற்கு ‘ஃபோர் வீல்’ என்றே பெயர். அந்த வண்டி படுத்துவிட்டால் பிள்ளையின் கல்விச் செலவும் சேர்ந்தே படுத்துவிடுகிறது.

என் தம்பி அப்படிப்பட்டவர்களுள் ஒருவன். தாப்பாவிலிருந்து உரமும் மளிகைப் பொருளும் ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குச் செல்வான். இறங்கும்போது கோசும் தக்காளியும் கொண்டு வருவான். சென்ற மாதம் அவனுடைய வண்டி மலை ஏற மறுத்தது. சமவெளியில் ஒரு குறையும் இல்லை. தாப்பாவைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும், உரமூட்டையின் பாரத்தோடு மூச்சு வாங்கி, கரும்புகை கக்கி, முப்பது கிலோமீட்டர் வேகத்திற்கு இறங்கிவிடும். முகப்பில் எஞ்சின் விளக்கு எரியும். ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, மீண்டும் முடுக்கினால் சிறிது தூரம் நன்றாக ஓடும். பிறகு மறுபடியும் அதே கதை.

பட்டணத்துப் பட்டறை ஒன்றில் காட்டியிருக்கிறான். கணினியைப் பொருத்திப் பார்த்தவர்கள், “டர்போ போய்விட்டது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். புதியது பொருத்த 5,200 ரிங்கிட். பழுது பார்த்த பழையது என்றால் 2,900 ரிங்கிட். வண்டிக் கடன் இன்னும் மூன்றாண்டுகள் பாக்கி. மூத்த மகள் மெட்ரிகுலேசன் கல்லூரியில் சேர இரண்டு மாதமே இருந்தது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியதிலிருந்தே அவனுடைய கணக்கு இடித்துக்கொண்டிருந்தது. “வளையலை வைத்துவிடலாம் என்கிறாள்” என்று தொலைபேசியில் சொன்னான். வளையல் அவன் மனைவியுடையது. திருமணத்துக்கு எங்கள் அம்மா போட்டது.

நான் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றேன். அவர் என்னிடம் நான்காம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் படித்தவர். இடைநிலைப் பள்ளிக்குப் பின் தொழிற்கல்லூரியில் வாகனத்துறை பயின்று, இப்பொழுது வீட்டின் பின்புறம் இரண்டு வண்டிகள் நிற்கும் அளவுக்குக் கொட்டகை போட்டு டீசல் வண்டிகளைப் பார்த்து வருகிறார். நேரில் அவரை ‘நீ’ என்றுதான் அழைக்கிறேன். எழுதும்போது ‘அவர்’ என்றே வருகிறது. அது இருக்கட்டும்.

அவர் செய்த வேலையைச் சொல்வதற்கு முன், டர்போ என்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘சுழலி’ என்று தமிழில் எழுதலாம்தான். ஆனால், பட்டறையில் டர்போ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே, நானும் அப்படியே எழுதுகிறேன்.

எரிபொருள் எரிவதற்குக் காற்று வேண்டும். எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்று ஓரளவுதான். வெளியேறும் புகையின் விசை வீணாகத்தானே போகிறது, அதைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளினால் என்ன? சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி இந்தக் கருத்துக்கு 1905 இல் காப்புரிமை பெற்றார். இன்றைய சிறிய டீசல் எஞ்சின்களில் அந்தத் தண்டு நிமிடத்திற்கு ஓரிலட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழல்கிறது. அதனைத் தாங்குவது மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். அழுத்தப்பட்ட காற்று சூடேறிவிடுவதால், ‘இண்டர்கூலர்’ எனப்படும் குளிர்விப்பான் வழியாகச் சென்று, குளிர்ந்து, செறிவு கூடிய பிறகே எஞ்சினை அடைகிறது. இடையில் ரப்பர்க் குழாய்கள், கவ்விகள், உணரிகள் என்று பல உறுப்புகள் இருக்கின்றன. டர்போ அந்த வரிசையில் ஓர் உறுப்பு மட்டுமே.

வண்டியைக் கொட்டகையில் நிறுத்தியதும் அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் தம்பியின் எதிரில் அமர்ந்தார். கேள்விகள் தொடங்கின.

“அண்ணே, முதன்முதலில் எப்பொழுது தெரிந்தது? திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? பாரம் இல்லாமல் ஏறினால் எப்படி? காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் உண்டா? அதற்கு முன் வண்டியில் யாராவது கைவைத்தார்களா? மினியாக் ஹித்தாம் குறைகிறதா? தண்ணீர் குறைகிறதா? சத்தம் எப்படி, விசில் போலவா, காற்று சீறுவது போலவா?”

தம்பி பொறுமை இழந்தான். “கணினியிலேயே வந்துவிட்டதே, டர்போ கோட் என்று” என்றான். அப்பொழுது அவர் சொன்ன விளக்கத்தை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கணினி காட்டியது பி0299. அதன் பொருள், ‘எதிர்பார்த்த காற்றழுத்தம் வரவில்லை’ என்பது மட்டுமே. ஏன் வரவில்லை என்று அது சொல்வதில்லை. டர்போ தேய்ந்திருந்தாலும் அதே எண். குழாய் கிழிந்திருந்தாலும் அதே எண். காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும், டர்போவை இயக்கும் வெற்றிடக் குழாய் விரிசல் கண்டிருந்தாலும், உணரி பொய் சொன்னாலும், புகை போகும் வழி அடைத்திருந்தாலும் அந்த எண் வரக்கூடும். அழுத்தம் போதாமல் டீசல் மட்டும் பாய்ந்தால் கேடு என்பதால் கணினி எஞ்சினின் வலுவைக் கட்டுப்படுத்திவிடுகிறது. சாவியை அணைத்து மீண்டும் போட்டதும் அக்கட்டுப்பாடு நீங்கி, மறுபடியும் குறை தென்படும்வரை வண்டி ஓடுகிறது. இதனால்தான் தம்பியின் வண்டி நின்று நின்று ஏறியது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நம் அறிவியல் பாடநூல்தான் நினைவுக்கு வந்தது. உற்றறிதல் வேறு, ஊகித்தல் வேறு என்று எத்தனை ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதுகிறோம்! ‘அழுத்தம் குறைவு’ என்பது உற்றறிந்தது. ‘டர்போ போய்விட்டது’ என்பது ஊகம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 இல் நீக்கப்படும்வரை இவ்விரண்டையும் கலந்து எழுதிய மாணவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறோம். பட்டறையில் இரண்டையும் கலந்தால் குறைவது வளையல்.

புகையின் நிறத்தையும் அவர் கேட்டறிந்தார். கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. டர்போவின் அடைப்பான் பழுதானாலும் அப்படி வரும், எஞ்சினே தேய்ந்திருந்தாலும் வரும். வெண்புகை என்றால் எரியாத டீசலாக இருக்கலாம் அல்லது தண்ணீர் உள்ளே புகுந்திருக்கலாம். தம்பியின் வண்டி கக்கியது கரும்புகை. எண்ணெயும் குறையவில்லை. புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

பிறகு கைப்பேசியோடு இணைக்கும் சிறு கருவியொன்றைப் பொருத்தி, எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். திரையில் 101 கிலோபாஸ்கல் என்று தெரிந்தது. எஞ்சின் ஓடாதபோது உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே காற்றுதான். ஆகவே, அழுத்த உணரி அவ்வூரின் வளிமண்டல அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய இடத்தில் 101 சரியான விடை. “அண்ணே, அடுத்த முறை தானா ராத்தா போனால் இதே மாதிரி எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அங்கேயும் 101 காட்டினால் இந்த உணரி பொய் சொல்கிறது” என்றார். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப்படி அங்கே 85 அளவில் வர வேண்டும். இரண்டு நாள் கழித்துத் தம்பி பாரமில்லாமல் ஏறிச் சென்று அனுப்பிய படத்தில் 85 என்றே இருந்தது.

அவ்விரு படங்களையும் நான் வகுப்பறைக்குக் கொண்டு சென்றேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். காரணம் கேட்டேன். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவி, “ஐயா, கேமரன் மலைக்குப் போகும்போது கெரொப்போக் பொட்டலம் ஊதிக்கொள்ளுமே, அதுவா?” என்று கேட்டாள். அதுவேதான். பாடநூலில் அரைப் பக்கம் விளக்கியும் புரியாதது பொட்டலத்தில் புரிந்தது.

பட்டறைக்குத் திரும்புவோம். அடுத்தது ஓட்டிப் பார்த்தல். தம்பி வழக்கமாக ஏற்றும் அளவுக்கு மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னார். வெறும் வண்டியை ஓட்டினால் குறை வெளிப்படாது என்பதே காரணம். லாத்தா இஸ்கண்டார் அருவிக்குச் செல்லும் ஏற்றத்தில் ஒரு பகுதியைத் தெரிவு செய்து, ஒரே கியர், ஒரே வேகத் தொடக்கம் என்று இரண்டு முறை ஓட்டினார். நான் பின்னிருக்கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எண்களைப் படித்தேன். கணினி கேட்ட அழுத்தம் 220. கிடைத்தது 150. கால் அழுத்த அழுத்த ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று சீறும் ஓசை முன்பக்கம் கீழிருந்து வந்தது.

கொட்டகைக்கு வந்து வண்டியைத் தூக்கினார். இண்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் படிந்த ஒரு கோடு இருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாத இடம். கையால் அழுத்தி மடக்கியபோது உதடு திறப்பதுபோல் பிளவு திறந்தது. நீளம் என் சுட்டுவிரல் அளவு. எஞ்சின் சும்மா ஓடும்போது மூடியிருக்கும். பாரத்தில் அழுத்தம் ஏறியதும் திறந்துகொள்ளும். உள்ளே வரும் காற்றை அளக்கும் உணரியோ முன்னாலேயே, வடிகட்டியை ஒட்டி இருக்கிறது. அது இவ்வளவு காற்று போயிற்று என்று கணக்குச் சொல்ல, அந்தக் கணக்கை நம்பிக் கணினி டீசலைப் பாய்ச்ச, பாதி வழியில் காற்று கசிந்துவிட, கரும்புகை. சமவெளியில் குறை தெரியாததற்கும் இதுவே காரணம்.

கண்ணுக்குத் தெரிந்ததோடு விட்டுவிடாமல், குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மற்ற இணைப்புகள் அனைத்திலும் சவர்க்கார நீரைத் தெளித்தார். பிளவில் நுரை பொங்கியது. மற்ற இடங்களில் இல்லை. புதிய குழாயும் கவ்விகளும் 190 ரிங்கிட். மறுநாள் பொருத்தினார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் எழுதுவதற்கு வசதியாக இருந்திருக்கும். முடியவில்லை. அதே ஏற்றத்தில், அதே மூட்டைகளோடு, அதே கியரில் ஓட்டியபோது புகை நின்றுவிட்டது. அழுத்தம் 210 வரை வந்தது. ஆனால், வருவதற்குத் தாமதமானது. தம்பிக்கு அதுவே போதும். “நன்றாகத்தானே ஏறுகிறது, விடு” என்றான். அவர் விடவில்லை.

இவ்வகை டர்போவில் புகை பாயும் வழியை அகலப்படுத்தவும் குறுக்கவும் சிறு தகடுகள் உண்டு. குறைந்த வேகத்தில் வழி குறுகினால்தான் சக்கரம் விரைந்து சுழலும். தம்பியின் வண்டியில் அத்தகடுகளை அசைப்பது வெற்றிடத்தால் இழுக்கப்படும் ஒரு கம்பி. எஞ்சினை முடுக்கியதும் அக்கம்பி முழுமையாக இழுபட வேண்டும். ஒருவர் முடுக்க, ஒருவர் பார்த்தால் போதும். பாதிதான் இழுபட்டது. கையால் இயக்கும் வெற்றிடப் பம்பை நேரடியாக அதில் இணைத்தார். கம்பி தங்குதடையின்றி முழுதும் நகர்ந்தது, விசையும் இறங்கவில்லை. ஆகவே, டர்போவின் தகடுகளில் கரி பிடித்து இறுகவில்லை, கம்பியை இழுக்கும் உறுப்பும் நன்றாக இருக்கிறது. குறை அதற்கு முன்னால். எஞ்சின் சூட்டில் காய்ந்து விறைத்துப்போன, பென்சில் பருமனுள்ள ரப்பர்க் குழாயொன்று திருப்பத்தில் வெடித்திருந்தது. விலை பன்னிரண்டு ரிங்கிட்.

புத்தகத்தில் ஒவ்வொரு காரணமாக அவர் அடித்துக்கொண்டே வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவப் பருவத்தில் அவருடைய கையெழுத்து சிரமப்பட்டுத்தான் படிக்கும்படி இருக்கும். இப்பொழுதும் அப்படியே. ஆனால், அடித்த ஒவ்வொன்றின் அருகிலும் ஏன் அடித்தார் என்று ஒரு சொல்லாவது இருந்தது.

இறுதியாக டர்போவையே பார்த்தார். எஞ்சின் அணைந்து நன்றாகக் குளிர்ந்த பிறகு, காற்று நுழையும் குழாயைக் கழற்றி, நடுத்தண்டை இரு விரல்களால் பிடித்து அசைத்தார். பக்கவாட்டில் மிகச் சிறிது ஆடியது. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் தண்டு அவ்வளவு ஆடுவது இயல்பு. இதைப் பார்த்துத்தான் பல டர்போக்கள் வீணாகத் தூக்கி எறியப்படுகின்றன என்றார். முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும்படி நகரக் கூடாது. நகரவில்லை. இறக்கைகள் சுவரில் உரசிய தடமும் இல்லை. குழாயினுள் எண்ணெய் இருந்ததைத்தான் முன்பு பார்த்த பட்டறையினர் சான்றாகக் காட்டினார்களாம். எஞ்சினின் உள்மூச்சு அவ்வழியே திரும்புவதால் மெல்லிய படலம் இருக்கவே செய்யும். குட்டையாகத் தேங்கியிருந்தால்தான் கவலை.

ஆனால், இறக்கைகளின் ஓரம் கூர்மை இழந்து, எலி கொறித்ததுபோல் இலேசாகத் தேய்ந்திருந்தது. காற்று வடிகட்டிப் பெட்டியின் ஒரு கொக்கி உடைந்து, கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அந்த இடுக்கு வழியே புழுதி புகுந்திருக்கிறது. “டர்போ போகவில்லை அண்ணே. ஆனால் புதிதாகவும் இல்லை. ஈராண்டு ஓடலாம், ஆறு மாதத்திலும் போகலாம். நான் உறுதி சொல்ல மாட்டேன்” என்றார். கொக்கியை மாற்றினார். கூலி உட்பட மொத்தம் 460 ரிங்கிட். நான் கூடுதலாக நீட்டியதை வாங்கிக்கொள்ளவில்லை.

பெற்றோருக்குப் பயன்படும் என்பதால், அன்று அவர் சொன்ன இரண்டு செய்திகளையும் எழுதிவிடுகிறேன். டர்போ உண்மையிலேயே போய் மாற்ற நேர்ந்தால், ஏன் போனது என்று கேளுங்கள். எண்ணெய் செல்லும் மெல்லிய குழாய் கரியால் அடைத்திருந்து, அதைக் கவனியாமல் புதியதைப் பொருத்தினால், புதியதும் அதே வழியில் போகும். உடைந்த துண்டுகள் இண்டர்கூலரில் கிடந்தால் அவை எஞ்சினுக்குள் செல்லும். மலை ஏறி முடித்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் சும்மா ஓட விட்டால், சூடேறிய தண்டில் எண்ணெய் கருகாது.

மற்றொன்று உயிர் தொடர்பானது. டர்போவின் அடைப்பான் முற்றிலும் உடைந்தால் எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாகக் குடித்துக் கட்டுக்கடங்காமல் சுழலத் தொடங்கலாம். அப்பொழுது சாவியை அணைத்தாலும் நிற்காது. கையால் கியர் மாற்றும் வண்டியானால், பிரேக்கை முழு வலுவோடு அழுத்திக்கொண்டு உயர்ந்த கியரில் போட்டு கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்தலாம். தானியங்கிக் கியர் என்றால் அவ்வழி இல்லை. காற்று புகும் வாயைத் தடித்த பலகையால் அடைத்தால் நிற்கும். ஆனால், கையையோ துணியையோ அங்கே கொண்டு போகக் கூடாது. அதற்கும் வழியில்லை என்றால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விலகி நிற்பதே நல்லது. வண்டி போனால் போகட்டும்.

முன்பு பார்த்த பட்டறையினரைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. நாளுக்கு இருபது வண்டி பார்ப்பவர்களுக்கு அரை மணி நேரம் கேள்வி கேட்க எங்கே நேரம்? நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் நானும் பாடம் நடத்தியிருக்கிறேன். இருப்பினும், “கணக்கு வரவில்லை, எந்த டியூசனில் சேர்க்கலாம்?” என்று பெற்றோர் வந்து கேட்கும்போது, இப்பொழுதெல்லாம் நான் அந்தப் பயிற்சிப் புத்தகத்தைப் போல் ஒன்றை மேசைமேல் வைத்துக்கொள்கிறேன். எப்பொழுதிலிருந்து? எந்த வகைக் கணக்கில்? வாய்விட்டுக் கேட்டால் விடை வருகிறதா? கடைசி வரிசையிலிருந்து பலகை தெரிகிறதா? கண் மருத்துவரிடம் எப்பொழுது காட்டினீர்கள்? சிலர் தம்பியைப் போலவே பொறுமை இழக்கிறார்கள்.

தம்பியின் வண்டி இப்பொழுது ஏறுகிறது. வளையல் வீட்டிலேயே இருக்கிறது. மகளுக்கு மடிக்கணினி வாங்கியாயிற்று. மைலோ டின் ஒன்றில் மாதம் 200 ரிங்கிட் போட்டு வருகிறான். மூடியில் ‘டர்போ’ என்று எழுதி ஒட்டியவள் மகள். இதுவரை இரண்டு மாதப் பணம் சேர்ந்திருக்கிறது.